கொண்டைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

சுத்தியலின் முதல் அடி மானிட்டரில் விழுந்தது. இரண்டாவது அடி அவள் இடது கை விரல்களில்.

"வக்கீலுங்களுக்கெல்லாம் உன் கைதான் வேணுமாமே? இப்ப டைப் அடிச்சு அனுப்பு பார்க்கலாம்!"

மர அறுவை மில்லில் வேலை பார்க்கும் கணவன் அப்படிச் சொல்லிவிட்டு சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போனான். பன்னிரண்டு வருடங்களாக வக்கீல்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுத்து வந்தவள் அவள். எத்தனையோ பெண்களின் கண்ணீரை எழுத்தாக்கியவள், தன் கண்ணீருக்கு மட்டும் ஒரு தாளும் செலவழித்ததில்லை. அன்று முடிவெடுத்தாள். இனி தன் மனுவைத் தானே அடிப்பாள்.

ஆனால் எதில் அடிப்பது? பரணில் ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, அதைத் தூக்கிப்போய் நாத்தனாரிடம் கொடுத்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த அவளுக்கு வீட்டில் 'ஸ்க்ரூ' என்று பெயர். குழந்தைப் பருவத்திலேயே கடிகாரத்தைக் கழற்றியவள்.

ஸ்க்ரூ துணிக்கட்டைப் பார்த்தாள். அண்ணனின் கை அவளுக்கும் தெரியும்.

"ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு அண்ணி. மெமரியும் ஒரே ஜிபி. விண்டோஸெல்லாம் இதுல மூச்சு விடாது. உங்களுக்கு என்னென்ன வேணும்?"

"தமிழ்ல டைப் அடிக்கணும். பிரிண்ட் எடுக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப லினக்ஸ்தான். விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச சிஸ்டம், அதுலயே பல வகை இருக்கு."

முதலில் போட்டுப் பார்த்தது பார்க்க லட்சணமாக இருந்தது. திறப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போனது. "இவ மேக்கப் முடிக்கறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிடும்" என்றாள் ஸ்க்ரூ. இரண்டாவது வேகமானதுதான், ஆனால் கறுப்புத் திரையில் கட்டளையை எழுதச் சொல்லி முறைத்தது. "அதட்டுறதுக்கு வீட்டுல ஒருத்தர் போதும்டி" என்றாள் அவள். மூன்றாவது பப்பி லினக்ஸ். பென் டிரைவிலேயே குடியிருந்தது. சொருகினால் எழுந்தது. திரையில் நாலே நாலு படங்கள்தான், ஆனால் அடித்த எழுத்து உடனே விழுந்தது.

"இதுதான்" என்றாள் அவள்.

முதல் நாளே தவறு செய்தாள். ஏழு பக்கம் அடித்திருந்தபோது கணவனின் பைக் சத்தம் கேட்டது. பதறிப்போய் பவரையும் பென் டிரைவையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டாள். மறுநாள் பார்த்தால் எதுவுமே இல்லை.

"ஐயோ அண்ணி! இது மெமரிலயே ஓடுறது. சேமிக்கச் சொன்னாத்தான் பென் டிரைவுல எழுதும். சேமிச்சு, ஒழுங்கா அணைச்சு, அப்புறம்தான் பிடுங்கணும்!"

அடிபட்ட தேதிகளை மறுபடி முதலிலிருந்து அடித்தாள். உடைந்த பல், வெந்நீர் பட்ட தோள், கலைந்த கரு. ஒவ்வொரு நாளும் சேமித்து, அணைத்து, பென் டிரைவைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டாள்.

பதினோராம் பக்கம் முடித்த நாள். கொண்டையை முடித்து ஊசி குத்தும்போதே கதவு உதைபட்டுத் திறந்தது. லேப்டாப்பின் சூடு ஆறியிருக்கவில்லை.

"திருட்டுத்தனமா நடக்குது?"

சுத்தியல் இறங்கியது. கீபோர்டு கட்டைகள் பல்லாகச் சிதறின. திரை இரண்டாகப் பிளந்தது. பிறகு அவள் கொண்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்தது. கூந்தல் அவிழ, ஊசிகளோடு பென் டிரைவும் தரையில் விழுந்தது. அவன் செருப்பு அதன் பக்கத்திலேயே நின்றது.

"தலையில என்னென்ன குப்பையெல்லாம் வெச்சிருக்கா பாரு!" என்று காலால் தள்ளினான். அது அவள் மடியருகே வந்து நின்றது. "எல்லாம் முடிஞ்சுது, போ!"

அவன் மில்லுக்குக் கிளம்பியதும் அவளும் கிளம்பினாள். ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிய, பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க நடந்தாள். இந்த முறை முகத்தை மூடவில்லை.

ஸ்க்ரூவின் கடையில் சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் சொருகினாள். அதே நாலு படங்கள். அதே மனு. பதினோரு பக்கம், ஒரு எழுத்தும் குறையவில்லை. வலது கையால் கடைசி வரியாக அன்றைய தேதியை அடித்தாள்.

"சாட்சின்னு ஒரு இடம் காலியா இருக்கே அண்ணி?"

"யாரு வருவா?"

ஸ்க்ரூ கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். தன் முழுப்பெயரை அடித்து, உறவு என்ற இடத்தில் 'எதிரியின் தங்கை' என்று சேர்த்தாள். சேமித்தாள். பிறகு பிரிண்டரில் தாளை அடுக்கினாள்.