கையை விடுங்க, அவர் பேசட்டும்

எண்பதுகளில் நடந்தது இது. என் கணவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கரடியூரில் எங்களுக்குக் காப்பித் தோட்டம். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய் அழுத ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அதன் தாயைத் தேடியிருக்கிறார். பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டும் திரும்பவில்லை. பிள்ளை பிடிக்கிறவன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். குழந்தையைப் பிடுங்கிப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்த போலீஸ்காரர், என் கணவரின் இரண்டு கைகளையும் முதுகுப்பக்கம் முறுக்கிப் பிடித்து, "பேசுடா!" என்று அதட்டினார்.

ஓடிப்போய்க் கத்தினேன். "ஏனுங்க, கையைப் புடிச்சிக்கிட்டா அவரு எப்படிங்க பேசுவாரு? விடுங்க!"

விட்டார். குழந்தை பொரிக்கடை ஓரம் நின்றதாக என் கணவர் சைகையில் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். போய்ப் பார்த்தால், தாய் அங்கேதான் கதறிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் அந்தப் போலீஸ்காரர் எங்கள் ஊட்டுக்கே வந்தார். "தங்கச்சி, எனக்கும் நாலு சைகை சொல்லிக்குடுக்கச் சொல்லும்மா" என்றார். பின்னாலிருந்து தொடாதே, முன்னால் வந்து முகத்தைக் காட்டு என்பதுதான் என் கணவர் நடத்திய முதல் பாடம்.

அடுத்த திருவிழாவில் போலீஸ்காரர் எங்கள் முன்னால் வந்து நின்று, "சாப்பிட்டாச்சா?" என்று என் கணவரைக் கையாலேயே கேட்டார். "ஆச்சுங்கண்ணா" என்றேன் நான். என் கணவர் ஒரு கையால் என் வாயைப் பொத்திவிட்டு, மறு கையால் தானே பதில் சொன்னார்.

அதிலிருந்து அவரைக் கேட்ட கேள்விக்கு நான் முந்திக்கொள்வதே இல்லை. போலீஸ்காரரே கற்றுக்கொண்டார், நான் கற்றுக்கொள்ள மாட்டேனா?