ஆறு புறப்பட்ட நாள்

வடக்கே ஓர் ஆற்றங்கரை ஊருக்கு நேர்ஸாகப் போகப்போகிறேன் என்றதும் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“உமக்கென்ன விசரே? ரொறன்ரோக் குளிர் காணாதெண்டு அங்க போறீரோ?”

“ஒரு வருசம்தானே. போட்டு வாறன்.”

பிள்ளைகள் படிக்க வெளியூர் போய்விட்டார்கள். அஜக்ஸ் வீட்டுக்கும் ஸ்காபரோ ஆஸ்பத்திரிக்கும் இடையே கார் ஓட்டி எனக்கு அலுத்துப்போயிருந்தது. அவர் சில நாள் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே தடிப்பான ஜக்கெற்றை வாங்கிவந்து கதிரையில் போட்டார்.

அந்த ஊர் மக்கென்சி ஆற்றோரம். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே பாதை, இரண்டும் சரிவராத நாட்களில் சின்ன விமானம். அந்த மண்ணின் பழங்குடிகளான டெனே ஆட்களும், நாங்கள் பள்ளிக்கூடத்தில் எஸ்கிமோ என்று படித்த இனுயிட் ஆட்களும் கலந்து வாழ்ந்தார்கள். கிளினிக்கில் எனக்கு உதவியாக இருந்தவள் டெனே, என் வயதுக்காரி. அவள் கணவன் இனுயிட், கரடி வேட்டைக்காரன். மீனை எப்படிக் காயவைப்பது என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து இருவருக்கும் சண்டை. தீர்ப்புச் சொல்லும்படி இரண்டு பேரும் எனக்குக் கருவாடு தருவார்கள். நான் தின்பேனே தவிர, தீர்ப்புச் சொன்னதில்லை.

மே மாதம் வந்ததும், ஐஸ் எப்போது உடையும் என்று எல்லோருடைய கண்ணும் ஆற்றிலேயே இருந்தது. ஒரு மத்தியானம் அந்த வேட்டைக்காரனுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வெளியே துவக்குச் சூடு. ஊரின் ஒரு மூலையில் தொடங்கி மற்ற மூலைக்கும் பரவியது.

யோசிக்க நேரமில்லை. யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் பழகிய உடம்பு தானாக வேலை செய்தது. கையில் கட்டிய பட்டியோடு அவனை இழுத்து மேசைக்குக் கீழே தள்ளி, நானும் புகுந்து, அவன் தலையை அமத்திப் பிடித்தேன். அவ்வளவு பெரிய மனிதன் மூச்சுக்காட்டாமல் கிடந்தான்.

அவன் மனைவி ஓடிவந்து குனிந்து பார்த்தாள்.

“ரெண்டு பேரும் கீழ என்ன செய்யிறியள்?”

“சுடுறாங்கள்!”

“ஓம், ஐஸ் வெளிக்கிட்டுட்டுது. அந்தச் சந்தோசத்தில சுடுகினம். வாங்கோ பாக்க!”

என்னால் எழும்ப முடியவில்லை. அவன் மெதுவாகக் கேட்டான்: “உங்கட ஊரில ஏன் சுட்டவை?”

மேசைக்குக் கீழே இருந்தபடியே சொன்னேன். எங்கள் ஊர்ச் சண்டை, ஒளிந்திருந்த பங்கர், ஹெலியிலிருந்து வந்த சூடு, இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளிக்கிட்டது எல்லாம். அவளும் நிலத்தில் வந்து குந்தினாள். ஆண்டு முழுக்கக் காத்திருந்த காட்சியை விட்டுவிட்டு, இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

கரையில் ஊரே நின்றது. வீடளவு ஐஸ் பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மரங்களையும் இழுத்துக்கொண்டு, உறுமியபடி போயின. ஆட்கள் கட்டிப்பிடித்துக் கூச்சலிட்டார்கள். நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கரடி சுடுறவனையே அமத்திப் பிடிச்சனீரோ? இனி உம்மோட நான் கவனமா இருக்கோணும்.”

இன்னொரு வருடமும் அங்கே இருந்தேன். மறுபடி மே வந்தது. ஒருநாள் வேட்டைக்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிளினிக் வாசலில் வந்து நின்றான்.

“நேர்ஸ், ஐஸ் அசையுது. சொல்லிப்போட்டுச் சுடுவம் எண்டு வந்தனான்.”

அவனுக்குப் பின்னால் படியில், துவக்குகளை நிலத்தைப் பார்க்கப் பிடித்தபடி ஆட்கள் காத்து நின்றார்கள்.

“நில்லுங்கோ, நானும் வாறன்,” என்று ஜக்கெற்றை மாட்டினேன்.

நான் கரைக்குப் போய்ச் சேரும்வரை ஒருவரும் சுடவில்லை. முதல் வெடிக்குத் திடுக்கிட்டேன்; அவன் மனைவி என் தோளை அணைத்துக்கொண்டாள். இரண்டாவதுக்கும் கொஞ்சம். அதற்குப் பிறகு எத்தனை வெடித்ததோ தெரியாது. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.