காயாத 5.10

பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். இது வெயில்கூட இறங்காத நேரத்தில், என் கண் முன்னால் நடந்தது.

நான் போர்டு எழுதும் பெயின்டர். அந்தக் குட்டி ஸ்டேஷனின் நேரப்பலகையைப் புதுப்பிக்க ஏணி போட்டிருந்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுதுவோம், படிக்க மாட்டோம். அடியில் மங்கலாகத் தெரியும் பழைய எழுத்தின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டிவிடுவோம்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பெஞ்சில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாள். மணி 5.02.

"ஏங்க, 5.10க்கு ஒரு வண்டி போட்டிருக்கே. அதுலயே வீட்டுக்குப் போயிடறேன்."

"சரி, போ," என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

5.06. ஐந்து பத்தா? ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்த தாளை எடுத்தேன். காலை 7.20, மாலை 6.40. இரண்டே வண்டி. பலகையில் மூன்று இருந்தது. என் கையால் எழுதியது. பெயின்ட் காயவில்லை.

ஏணியிலிருந்து இறங்கினேன்.

5.08. டங்... டங்... வண்டி வரும் மணி. அடிக்க ஆளே இல்லை. மாஸ்டர் டீக்குப் போயிருந்தார். டிக்கெட் ஜன்னல் சாத்தியிருந்தது.

அவள் இரண்டாம் பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்றாள். அங்கே தண்டவாளமே கிடையாது. வெறும் புல்.

கத்திக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

ஓடினேன்.

காற்றே இல்லை. புல் அசைந்தது...

5.10.

ஒரு காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்தாள்.

கால் இறங்கவில்லை.

அங்கேயே... நின்றது.

இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்தோம்.

டீ குடித்துவிட்டு வந்த மாஸ்டர் பலகையைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனார்.

"இதை யாருப்பா எழுதச் சொன்னது? இந்த வண்டி முப்பது வருஷம் முன்னாடி பாலத்தோட ஆத்துல போச்சு. இங்க வித்தது நாப்பது டிக்கெட். ஏறினவங்கள்ல ஒருத்தர்கூடத் திரும்பல. அதோட லைனையே பிடுங்கிட்டாங்க."

என் மனைவியின் மூடிய கையைப் பிரித்தேன். பழைய அட்டை டிக்கெட்.

நம்பர் 41.

அந்த வரியின் மேல் மூன்று கோட் பெயின்ட் அடித்தேன். டிக்கெட்டை எரித்தேன். அவள்தான் இன்னும் என்னிடம் கோபமாக இருக்கிறாள்.

"எதுக்குங்க என்னை இறக்கி விட்டீங்க? ஜன்னலோரம் இடம் பிடிச்சு உக்காந்துட்டேனே..."