அந்த விடுமுறையில் அப்பா சொல்லாதது

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களுமாகிய நீங்கள் அவரைக் கடும் உழைப்பாளியாக, அதிகம் பேசாதவராக அறிவீர்கள். ஆனால் ஒரு கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்ததை நாங்கள் வெளியில் சொன்னதில்லை. அண்ணனிடமும் அண்ணியிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

வேலூர் பக்கம் அணைக்கட்டு என்ற ஊரை அடுத்த ஒரு சிற்றூரில், கூலி வேலை செய்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, மீசை அரும்பும் முன்பே மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்களை வெளியே இழுத்துப் போடும் வேலை. விரல்கள் வெந்து, சோறு பிசைய முடியாத நாட்களில் அம்மா உருட்டிக் கொடுப்பார். அந்தக் கூலியில்தான் அண்ணனும் நானும் படித்தோம். அண்ணனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. நான் திருமணமாகி ஆம்பூருக்கு வந்து, ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன்.

என் மகள் யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் எங்களோடு சில மாதங்கள் தங்கினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் அம்மா குழந்தையைக் கம்பெனி வாசலுக்குத் தூக்கி வருவார். வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு நான் மீண்டும் வேலைக்குப் போவேன்.

அதன் பிறகு ஒவ்வொரு மே மாதமும் யாழினி தாத்தா பாட்டியிடம் ஊருக்குப் போய்விடுவாள். அந்த ஆண்டு அப்பாவே போன் செய்தார்.

"பாப்பாவ இங்க அனுப்ப வேணாம்மா. இந்த வாட்டி நாங்களே வர்றோம்."

எங்களுக்கு மகிழ்ச்சி. அண்ணனும் அண்ணியும் தங்கள் கைக்குழந்தையோடு ஓசூரிலிருந்து வந்தார்கள்.

வந்த நாள் முதல் அப்பா ஒரு மாதிரியாக இருந்தார். அம்மாவைச் சமையலறைக்கு விடவில்லை. அம்மாவிடம் யார் எதைக் கேட்டாலும் அப்பாதான் பதில் சொன்னார். வாசல் கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்தார். ஏன் என்றால், "இங்கதாம்மா காத்து வருது" என்றார். அம்மா யாழினியை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அப்பா.

இரண்டாம் நாள் சாப்பிடும்போது அண்ணன் பேச்சை எடுத்தார்.

"அம்மா எங்ககூட ஓசூர் வரட்டும்பா. இவளுக்குப் பிரசவ லீவு முடியுது. புள்ளையப் பாத்துக்க ஆளு வேணும். எங்க வீடு சின்னது, நீங்க தங்கச்சிகூட இருங்க."

"அவ வர மாட்டா."

"ஏம்பா?"

"வர மாட்டான்னா வர மாட்டா. உடு."

அண்ணன் தட்டைத் தள்ளினார். "தங்கச்சி புள்ளைய மட்டும் மாசக்கணக்குல பாத்துக்கினாங்க. என் புள்ளன்னா பேஜாரா இருக்குதா?"

அப்பா கை கழுவ எழுந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்து, "யாரு ஊருக்குப் போறது?" என்று கேட்டார். சண்டையைத் திசைதிருப்பக் கேட்கிறார் என்று நினைத்தோம்.

மறுநாள் காலை என் கணவரும் அண்ணனும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். யாழினி பக்கத்து வீட்டில் இருந்தாள். விடுப்பில் இருந்த நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா தூங்குவதைப் பார்த்துவிட்டு அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போனார். அவர் போன சற்று நேரத்தில் அம்மா எழுந்திருக்கிறார். குளிக்கப் போன அண்ணி குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் கீழே இறங்கியபோது அப்பா ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எங்கம்மா?"

ஈரத்தலையோடு வந்த அண்ணியிடம், "கொழந்த யார்கிட்ட?" என்றார்.

"அத்தகிட்டதான் மாமா."

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்கு நெனப்பு நிக்கறதில்லம்மா. ரெண்டு வருசமாச்சு. ஊட்டுக்கு வழி தெரியாது."

அண்ணி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் நெடுஞ்சாலை. போனில் சொன்னதும் என் கணவர் ரயில் பாதைப் பக்கம் வண்டியை ஓட்டினார். அண்ணன் பஸ் நிலையத்துக்கு ஓடினார். செருப்புகூடப் போடாமல் அண்ணி தெருமுனை வரை ஓடித் திரும்பி வந்தார். அப்பா அவர் கையைப் பிடித்தார்.

"புள்ள எப்பம்மா பால் குடிச்சான்?"

"குளிச்சிட்டு வந்து குடுக்கலாம்னு..."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அப்ப பசியில அழுதிருப்பான். அழுவுற புள்ளைய எங்க தூக்கினு போவா? உன் கம்பெனிக்குத்தான். பழசு மட்டும் அவளுக்கு மறக்கல."

கம்பெனி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மூவரும் ஆட்டோவில் ஏறினோம். சாலையை நெருங்கும்போது ஒரு லாரி நின்றிருந்தது. அதன் முன்னால் கூட்டம். அண்ணி முகத்தை மூடிக்கொண்டார். அப்பா ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, கூட்டத்தை விலக்கிப் போனார். டயர் வெடித்த லாரி அது, அவ்வளவுதான். திரும்பி வந்தவர் கையை முன்னால் நீட்டினார். போகலாம் என்று.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, அதன் தலைமேல் முந்தானை. எங்கள் பிரிவுப் பெண்கள் சிலர் சுற்றி நின்று அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா கோபமாக எழுந்தார்.

"எவ்ளோ நேரன்டி? புள்ள அழுவுது பாரு!"

அண்ணி குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிடுங்கியது ஏன் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. பயந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வெடித்தார். "ஏம்பா சொல்லல? புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? அவள ஒரு ஊட்ல, என்ன ஒரு ஊட்ல வெப்பீங்க. நான் இல்லன்னா அவளுக்கு யாரையும் தெரியாதுடா." பிறகு அண்ணியைப் பார்த்தார். "ஊர்ல கெணறு இருக்குது, பாப்பாவ அவகிட்ட உட்டுட்டுப் போக பயந்துதான் இங்க வந்தேன். இங்கயும் இப்டி ஆயிடுச்சி. தப்பு என்னுதும்மா. அவள கோச்சுக்காத."

அண்ணி குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினார். அன்று மாலையே ஓசூர் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு பல மாதங்கள் அண்ணியிடமிருந்து போன் வரவில்லை.

அப்பாவையும் அம்மாவையும் நாங்கள் ஊருக்கு அனுப்பவில்லை. இருவரையும் சேர்த்தே எங்களோடு வைத்துக்கொண்டோம். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவதும், ஒரே கேள்விக்கு எத்தனை முறையானாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வதும் அப்பாவின் வேலையாயின.

ஆயுத பூஜை விடுமுறையில் அண்ணி தாமாகவே வந்தார். தவழத் தொடங்கியிருந்த குழந்தையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்து, பக்கத்திலேயே நகராமல் உட்கார்ந்துகொண்டார். வாசலில் நின்று பார்த்த அப்பா, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு இதயம் தளர்ந்தது. வேலூரில் மருத்துவமனையில் இருந்தபோது தமக்காக எதையும் கேட்கவில்லை. அண்ணன் கையைப் பிடித்து, "அவள ஊடு மாத்தாதீங்கடா, பயந்துடுவா" என்றார். அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். ஒவ்வொரு விடுமுறைக்கும் அண்ணன் குடும்பம் இங்கே வந்துவிடுகிறது.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், இன்றும் அம்மா தெருவில் இறங்கினால் கைபிடித்து அழைத்து வரும் எங்கள் தெருப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. அம்மாவுக்கு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்த வாட்ச்மேன் அண்ணாவுக்கும், விசிறி நின்ற தோழிகளுக்கும், பயத்தை மறக்காமலே எங்களை மன்னித்த அண்ணிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இதை எழுதி முடித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"நல்ல மனுசனா இருந்திருக்காரு. யாரு ஊட்டுக்காரரு?"

"உன் ஊட்டுக்காரருதாம்மா."

அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.