காற்றுப் புகாத மஞ்சள் ஜக்கெட்

என் வீட்டுக் கராஜில், சைக்கிளுக்கு மேலே அடித்த ஆணியில் ஒரு மஞ்சள் ஜக்கெட் தொங்குகிறது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. சுருட்டினால் ஒரு மாம்பழ அளவுக்கு வந்துவிடும். குனிந்து மிதிக்கும்போது இடுப்பு குளிரக்கூடாது என்று பின்பக்கத்தை நான்கு விரல் நீளமாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். சிட்னியின் ஜூன் மாதக் குளிர்க் காலையில் சைக்கிள் ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல உடுப்பு வாய்க்காது. ஆனாலும் ஆறு குளிர்காலமாக நான் அதைப் போடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அது ஆணியை விட்டு இறங்கி வெளியே போனது. அன்று பின்னேரமே திரும்பி வந்துவிட்டது. அதைச் சொல்லவேண்டுமென்றால் சம்மாட்டியாரில்தான் தொடங்கவேண்டும்.

மன்னார்க் கரையில் சொந்த வள்ளமும் வலையும் வைத்து ஆட்களுக்கு வேலை கொடுப்பவரைச் சம்மாட்டி என்பார்கள். எங்கள் சம்மாட்டியாரிடம் ஒரு காலத்தில் இருபது பேர் வேலை செய்தார்களாம். சிட்னியில் நான் அறிந்தபோது அவர் ஹரிஸ் பார்க்கில் இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தார். ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் பக்கத்தில் மரக்கறி பெட்டியில் அடைக்கும் வேலை. கார் ஓட்ட அனுமதிப்பத்திரம் இல்லை, விடியமுன் தொடங்கும் வேலைக்கு ரயிலும் சரிவராது. அதனால் யாரோ வேண்டாமென்று தெருவோரம் வைத்த ஒரு பழைய சைக்கிளில் போய்வந்தார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் அவரைச் சம்மாட்டியார் என்று கூப்பிட்டதில் பாதி மரியாதை, பாதி பகிடி. என் குரலில் பகிடி கொஞ்சம் கூட. நான் விசாவோடு விமானத்தில் வந்தவன், அவர் அகதியாகப் படகில் வந்தவர். அந்த வித்தியாசத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் பங்குக் கோயிலில், புதிதாக வந்தவர்களுக்கென்று குளிர் உடுப்புச் சேர்ப்பார்கள். அதற்குப் பொறுப்பு நான். பொறுப்பு என்றால் எனக்கு உயிர். சனிக்கிழமை மண்டபத்தில் பைகளைப் பிரித்து அடுக்குவது, ஞாயிறு பூசைக்குப் பிறகு கொடுப்பது, அதற்கு முன் யாரும் எதிலும் கைவைக்கக்கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான். அந்த வருடம் எனக்குச் சீனி வியாதி என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பரமட்டாவில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமைகளில் சைக்கிள் ஓடுவார்கள். அவர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். ஓடியது நாலு நாள், உடுப்பைப் பற்றி வாசித்தது நாலு வாரம். தோலோடு ஒட்டி வியர்வையை வெளியே விடும் ஒன்று, அதன்மேல் சூடு தரும் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஒன்று. பருத்தி வேண்டாம், ஈரத்தைக் குடித்துக் குளிரும். தடித்த கோட்டு வேண்டவே வேண்டாம். பரீட்சைக்குப் படித்ததுபோல் எல்லாம் எனக்குப் பாடம்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் உதவிக்கு வந்தவர்களில் சம்மாட்டியாரும் ஒருவர். ஒரு பைக்குள்ளிருந்து அந்த மஞ்சள் ஜக்கெட்டை எடுத்தவர் அவர்தான். புத்தம் புதிது. இரண்டு விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு வாயருகே பிடித்து ஊதினார். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சுப் படவில்லை.

“தம்பி, இதுக்குள்ளாலை காத்துப் போகாது. குளிர் ஆளை ஒண்டும் செய்யாது, காத்துத்தான் செய்யிறது” என்றார். தன் கையோடு வைத்து அளந்தார். மணிக்கட்டில் சரியாக வந்து நின்றது. நான் பார்ப்பதைக் கண்டதும், சட்டம் ஞாபகம் வந்தவராக, அழகாக மடித்து அடுக்கில் வைத்துவிட்டார்.

எல்லோரும் குசினிப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், நான் அதை எடுத்துக்கொண்டுபோய் என் காரின் பின்பெட்டிக்குள் வைத்தேன். யோசித்துச் செய்தேனா என்று கேட்டால், ஓம், யோசித்துத்தான் செய்தேன். மற்றவர்களுக்காக இவ்வளவு ஓடித்திரிகிறவன் ஒன்றை எடுத்தால் என்ன என்று ஒரு நியாயமும் கையோடு வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது என் மேசையில், சிறு தட்டால் மூடிய ஒரு கோப்பைத் தேநீர் இருந்தது. பெண்களில் யாரோ வைத்திருப்பார்கள் என்று நினைத்துக் குடித்தேன்.

அடுத்த நாள் அவர் வரிசையில் வந்தார். அடுக்கை ஒருமுறை பார்த்தார். “நேற்று ஒரு மஞ்சள் ஜக்கெட் கிடந்ததெல்லோ தம்பி?”

“அதை ஆரோ எடுத்திட்டினம் அண்ணை” என்றேன். என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அங்கே இருந்ததிலேயே கனமான கறுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து, “இதைப்போலத் தடிப்பு வேறை இல்லை” என்று அவர் கையில் கொடுத்தேன். சைக்கிளுக்கு அதைப்போல உதவாத உடுப்பும் வேறு இல்லை என்பது, வந்திருந்த அத்தனை பேரிலும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். “ஓம், நல்ல தடிப்புத்தான்” என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்திருந்தது. மஞ்சள் ஜக்கெட்டுக்குள் நான் சுகமாக இருந்தேன். எங்கள் கூட்டம் பரமட்டாவில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கறுப்புக் கோட்டு. அதன் நீண்ட வால் சில்லுக்குள் போகாதபடி இடுப்பில் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். கோட்டின் கழுத்துக்குள்ளால் குப்பைப் பையின் விளிம்பு தெரிந்தது. காற்றை மறிக்க உள்ளே போட்டிருக்கிறார். கைகளில் காலுறை. என்னுடன் வேலை செய்கிறவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் ஜக்கெட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, சுகம் விசாரிக்கும் குரலில் கேட்டார்: “காத்துப் போகேல்லைத்தானே தம்பி?”

விளக்கு பச்சையானது. நான் மிதித்து முன்னால் போய்விட்டேன். யார் அது என்று கேட்டவர்களிடம், கோயிலில் கண்டிருக்கிறேன் என்றேன். அன்றோடு அதைக் கழற்றி ஆணியில் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அவர் வீடு பத்து நிமிடம். ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பது? அவரைத் தவிர்ப்பதற்காக ஆங்கிலப் பூசைக்குப் போகத் தொடங்கினேன். அந்த வருடம் முடியுமுன் அவர் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். பாவசங்கீர்த்தனத்தில், பொதுப் பொருள் ஒன்றை எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

போன ஞாயிறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஜக்கெட்டை உடுப்பு அடுக்கில் கொண்டுபோய் வைத்தேன். மண்டபத்தில் இருந்த அன்ரி ஒருவர் அதைக் கண்டுவிட்டார். “இது நீங்கள் முந்திச் சைக்கிள் ஓடேக்கை போட்ட ஜக்கெட் எல்லே? போடுறதையே கழட்டிக் குடுக்கிறீங்கள்!” என்றார். ஃபாதருக்கும் சொல்லிவிட்டார். பூசை முடிவில் ஃபாதர் என்னை எழும்பச் சொல்லிப் பாராட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழும்பி நின்றேன். சிரித்தும் இருக்கிறேன். பிறகு ஜக்கெட்டின் ஜிப் பழுதென்று இன்னொரு பொய் சொல்லி, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம், யாரிடமோ அவருடைய இலக்கம் வாங்கி மெல்பேர்னுக்குப் போன் எடுத்தேன். அதே குரல். பெண்சாதி பிள்ளைகள் வந்துவிட்டார்களாம், இப்போது வேலைக்குக் காரில் போகிறாராம். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: அதை யாரும் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன்.

“தெரியும் தம்பி” என்றார். “நீங்கள் காருக்குள்ளை வைக்கேக்கை நான் பின்னாலை நிண்டனான். உங்களுக்குத்தான் தேத்தண்ணி கொண்டந்தனான். பிறகு உள்ளுக்குப் போய் மேசையிலை வைச்சிட்டு வந்திட்டன்.”

“தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை அடுத்த நாள் என்னட்டைக் கேட்டனீங்கள்?”

“கேட்டால் தருவீங்கள் எண்டு நினைச்சன்.”

போனை வைத்துவிட்டுக் கராஜுக்குள் போய் நின்றேன். ஜக்கெட் ஆணியில் தொங்கியது. அந்தத் தேநீர் ஞாபகம் வந்தது. அதில் சீனி இல்லை. என் சீனி வியாதி தெரிந்து, சீனி போடாமல் ஊற்றியிருக்கிறார். அதை நான் கடைசித் துளிவரை குடித்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்குப் புறப்பட்டேன், அவருடைய ஜக்கெட்டோடு.