உதயகுமாரி காய்ச்சிய கறுப்பு பியர்

உதயகுமாரி காய்ச்சுகிற பியருக்கு அவளுடைய கணவர் இரவீந்திரன் புகழ் வாங்குகிறார். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒஸ்லோவில், ஸ்தோவ்னரில், அவர்களுக்குக் கீழ்வீடு எங்களுடையது. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் நோர்வேப் பெண்ணொருத்தி நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சுவதைப் பார்த்து இவளுக்கும் ஆசை பிடித்தது. கருக வறுத்த பார்லியில் கறுப்பாக, ஹொப்ஸ் பூவை அள்ளிப்போட்டுக் கசப்பும் வாசமுமாக ஒரு பியர். தோடம்பழத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசம். முதல் காய்ச்சலை எனக்குத்தான் ஊற்றித் தந்தாள். நான் குடிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் கிளாஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பிறகு சனிக்கிழமைச் சபை தொடங்கியது. வரவேற்பறையில் இரவீந்திரனும் அவருடைய கூட்டாளிகள் ஸ்ரனிஸ்லாஸும் அல்பேர்ட்டும் இருந்து ருசி பார்ப்பார்கள். எங்கள் வழக்கப்படி பெண்கள் குசினியில். காய்ச்சியவளே அடுப்படியில் நின்று செத்தல் மிளகாய் போட்டு ஆட்டிறைச்சி பொரித்துக் கொடுத்தபடி, கதவுக்குப் பின்னால் தீர்ப்பைக் கேட்பாள்.

“நல்ல கை அண்ணை உங்களுக்கு. ஆனா கசப்புக் கூடிப்போச்சு, தொண்டை எரியுது,” என்பார் ஸ்ரனிஸ்லாஸ்.

“ஓம், அடுத்தமுறை குறைப்பம்,” என்பார் இரவீந்திரன்.

குறைப்பாராம். ஹொப்ஸ் பூவா காயா என்றே அந்த மனுசனுக்குத் தெரியாது. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையதுதான்.

அவள் பேசாமல் ஹொப்ஸைக் குறைத்தாள். அடுத்த காய்ச்சலும் எரிகிறது என்றார்கள். இன்னும் குறைத்தாள். கடைசியில் எனக்குக் கொண்டுவந்ததில் வாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆறிப்போன இனிப்புக் கோப்பிதான்.

“இதிலை கசப்பே இல்லையே, உதயா.”

“அவை இப்பவும் எரியுதெண்டுதான் சொல்லுகினம், அக்கா. எனக்குக் கைப்பக்குவம் வராதாக்கும். விடப்போறன்.”

முந்தின நாள் மிஞ்சிய இறைச்சிப் பொரியலையும் கொண்டுவந்திருந்தாள். ஒரு துண்டை மென்றுவிட்டு அதே பியரைக் குடித்தேன். நாக்கிலிருந்து காதுவரை எரிந்தது. அவளையும் அப்படியே செய்யச் சொன்னேன். கடித்தாள், குடித்தாள், கதிரையில் இருந்துவிட்டாள். எரிந்தது மிளகாய். மிளகாய் வாயோடு இருந்து ஒரு நல்ல பியரைக் கொன்றிருக்கிறார்கள், அதுவும் அவள் கையாலேயே பொரிக்கவைத்து. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அவள் திரும்பவும் முதல் காய்ச்சலின் அளவிலேயே ஹொப்ஸ் போட்டுக் காய்ச்சினாள். போத்தல்கள் பதமாகி வந்த சனிக்கிழமை என்னையும் மேலே கூப்பிட்டாள். சபைக்குப் பியர் ஊற்றினாள். பிறகு குசினிக்குப் போகாமல், தனக்கொரு கிளாஸோடு நடுச் சோபாவில் இருந்தாள்.

அல்பேர்ட் முதல் மிடறிலேயே நிமிர்ந்தார்.

“அண்ணை, இதெல்லோ சாமான். என்ன போட்டனீங்கள்?”

இரவீந்திரன் மனைவியைப் பார்த்தார். அவள் தன் கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

“அது… இவளைத்தான் கேக்கவேணும். இவள்தான் காய்ச்சுறவள்,” என்றார் ஒருவழியாக.

ஸ்ரனிஸ்லாஸ் வெறும் மேசையைத் தடவிப் பார்த்தார்.

“கடிக்க ஒண்டும் பொரிக்கேல்லையோ, தங்கச்சி?”

“இல்லை அண்ணை,” என்றாள் உதயகுமாரி, தன் கிளாஸை நிரப்பிக்கொண்டே. “பொரிக்கிற ஆள் இண்டைக்குக் குடிக்க வந்திருக்கிறா.”