ஷூ போட்ட பதினைந்து அடி

முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்தில் வேலை பார்க்கிறேன். கோடு போடுவது, வலை கட்டுவது, தண்ணீர் விடுவது. யாரோடும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. எனக்கு அது வசதி.

நெல்லித்தோப்பிலிருந்து ஒரு பெண் ஃபுட்பால் ஆட வருவாள். முட்டியில் ஆபரேஷன் நடந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. முட்டி சரியாகிவிட்டது என்று பிசியோதெரபி மேடம் கடிதம் கொடுத்தால்தான் அவளைச் சேர்ப்பார்கள்.

மேடம் அவள் தொடையிலும் கெண்டைக்காலிலும் தீப்பெட்டி அளவுக் கருவிகளைப் பட்டையால் கட்டினார். அவள் ஓடி வந்து, பிளாஸ்டிக் கோன் வைத்த இடத்தில் அந்தக் காலை ஊன்றிச் சட்டென்று பக்கவாட்டில் திரும்ப வேண்டும். ஊன்றும்போது முட்டி உள்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று லேப்டாப்பில் தெரியும். இரண்டு நாள் அளந்து, இரண்டும் ஒத்து வந்தால்தான் நம்பலாமாம்.

"அண்ணா, கோன்லேர்ந்து பதினஞ்சு அடி தள்ளி ஒரு கோடு போடுங்க. அங்கேர்ந்து ஓடி வரட்டும்" என்றார்.

புதன்கிழமை போட்டேன். நன்றாகத் திரும்பினாள். வெள்ளிக்கிழமை மறுபடி போட்டேன். மூன்று முறை ஓடினாள். மூன்று முறையும் முட்டி உள்ளே சாய்ந்தது.

"ரெண்டு நாள்ல இவ்ளோ வித்தியாசம் வரக்கூடாதும்மா. முட்டி இன்னும் தாங்கல போலருக்கு. இந்த செலக்‌ஷன விட்டுடலாமா?" என்றார் மேடம்.

"வலியே இல்ல மேடம். இன்னைக்கு என்னமோ வேகமா வந்து ஊணுற மாரி இருக்கு" என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். காலில் புது ஷூ. வேலையாட்கள் எல்லோரும் போட்டே ஆக வேண்டும் என்று முந்தின நாள்தான் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை நான் வெறுங்காலோடு இருந்தேன்.

அடி என்றால் எனக்கு என் பாதம்தான். பெரிய அளவுக்கு டேப் எடுப்பேன். சின்னதுக்கு ஒரு காலின் விரலோடு மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து எண்ணிக்கொண்டே போவேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் என்பது இதில் தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தது. அதற்குள் அவள் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், கோடு தப்பு" என்றேன்.

"டேப்லதானே அளந்தீங்க?"

"கால்ல."

அவள் என் ஷூவைப் பார்த்தாள். "அண்ணா, பதினஞ்சு அடின்னா உங்க காலடியா?"

டேப் கொண்டு வந்தேன். ஷூவோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை நடந்து காட்டினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அவ்வளவு தூரம் கூடுதலாக ஓடி வந்துதான் காலை ஊன்றியிருக்கிறாள். இரண்டுமே டேப்பில் பதினைந்து அடி இல்லை.

மேடம் திட்டவில்லை. "ரெண்டு நாளும் ஒரே தப்பு பண்ணியிருந்தா கூட பரவால்லண்ணா. நாளுக்கு ஒரு தப்புன்னா நான் எத நம்பறது?" என்றார்.

வெறுங்கால் கோட்டின் இரண்டு முனையிலும் ஆணி அடித்தேன். சனிக்கிழமை காலை அந்தக் கோட்டிலிருந்து ஓடினாள். புதன்கிழமைக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்து வந்தது. மேடம் பைக்கின் சீட்டில் பேப்பரை வைத்துக் கடிதம் எழுதினார்.

அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பையில் வைத்தாள். "நாளைக்கு செலக்‌ஷனுக்கும் நீங்கதான் கோடு போடுறீங்களாண்ணா?"

"ஆமா."

"கெட்டுது போங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் ஐந்து மணிக்கே போய் எல்லாக் கோட்டையும் டேப் வைத்தே போட்டேன்.